கொட்டாஞ்சேனையில் செத்துப்போன இலோ

ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் யார்ட்டின் வாசலில் எட்வேட் நிற்பான். உள்ளே போகும் லொறி ஒவ்வொன்றும் அவனைத் தாண்டித்தான் போகவேண்டும். கொள்கலன் கதவில் பூட்டியிருக்கும் சீல் இலக்கமும் சாரதியின் கையிலிருக்கும் தாளும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, பொருந்தினால் கையைக் காட்டி விடுவது அவன் வேலை. வருடக்கணக்காக அதைச் செய்கிறான். ஆளை ஒருநாளும் நிறுத்திவைத்துச் சுணக்கமாட்டான் என்று லொறிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு கையைத் தூக்கியபடி, மறுகையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டு அவன் சிலையாக நின்றபோது, பின்னால் நாலைந்து லொறி சேரும்வரை யாரும் ஹோர்ன் அடிக்கவில்லை.

"அய்யே, மொகத?" என்று முன்லொறிச் சாரதி தலையை வெளியே நீட்டி, என்ன விஷயம் என்று கேட்டான்.

"செத்தவள் வந்திட்டாள்," என்றான் எட்வேட், தமிழில்.

சாரதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் எட்வேட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு, மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினான்.

வந்தவள் பெயர் இலோ. உயிரும் சதையுமான பெண் அல்ல. 'எரிடான்' என்ற கணினி விளையாட்டுத் தொடரில், 'தெலமோன்' என்ற விண்கப்பலின் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவள். அந்தத் தொடர் தொடங்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஏழு பாகம் வந்துவிட்டது, எட்டாவது வரப்போகிறது. ஒவ்வொரு பாகமும் முந்தினது விட்ட இடத்திலிருந்து கதையைத் தூக்கும். முதல் பாகத்தில் ஒரு சுவரில் விழுந்த கீறலுக்கு ஐந்தாம் பாகத்தில் காரணம் வரும். அந்தக் கீறலை மறக்காமல் வைத்திருப்பவர்கள்தான் அதன் ரசிகர்கள். எட்வேட் அப்படி ஒருவன். அப்பா துறைமுகத்தில் எந்த வருடம் எந்தக் கிரேனில் வேலை செய்தார் என்று கேட்டால் தடுமாறுவான். 'தெலமோன்' எந்தக் கிரகத்தில் எதற்காக இறங்கியது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வான்.

எட்டாம் பாகத்துக்கான முன்னோட்டம்தான் போனில் ஓடியது. கிழவனாகிப்போன கப்டன் மராக் ஒரு இருட்டு நடையால் வருகிறான். நடையின் முடிவில், தலை நரைத்த ஒருத்தி கையில் மரை திருகும் ரெஞ்சோடு நிற்கிறாள்.

"நீ செத்துவிட்டாய் என்றல்லவா நினைத்தேன்," என்கிறான் மராக்.

"நீ விசாரிக்கவே இல்லையே," என்கிறாள் இலோ.

அவ்வளவுதான். திரை இருண்டது. கீழே உலகம் முழுவதிலுமிருந்து ரசிகர்கள் எழுதித் தள்ளியிருந்தார்கள். ஒருவன் அவள் நரையைப் பற்றி, ஒருத்தி அவள் குரலைப் பற்றி, இன்னொருவன் மராக்குக்கு இது நல்ல அடி என்று. "செத்தவள் எப்படி வந்தாள்" என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. எட்வேட் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். போலந்திலும் இல்லை, பிரேசிலிலும் இல்லை, பக்கத்து இந்தியாவிலும் இல்லை. இலோ செத்தது உலகத்திலேயே கொட்டாஞ்சேனையில் மட்டும்தான்.

அந்தச் சாவுக்குப் பின்னால் ஒரு சீடி இருந்தது.

ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில், மரப்படியேறிப் போகும் மேல்மாடியில் றேமண்ட் அங்கிள் எட்டுக் கம்பியூட்டர் போட்டு கேம் கடை நடத்தினார். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்ந்தவர். விளையாடத் தெரியாது, ஆனால் யார் எந்த அத்தியாயத்தில் நிற்கிறான் என்று அவருக்குத் தெரியாமல் ஒருவனும் எழும்ப முடியாது. 'எரிடான்' இரண்டாம் பாகம் அசலில் நாலு சீடி. புறக்கோட்டையில் விற்றது ஒரே சீடி. நாலை ஒன்றுக்குள் அடக்குவதற்காக, அத்தியாயங்களுக்கு நடுவே வரும் படக்காட்சிகளை எவனோ ஒரு புண்ணியவான் வெட்டி எறிந்திருந்தான். காட்சி வரவேண்டிய இடத்தில் திரை கறுப்பாகும், கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு அடுத்த அத்தியாயம் தொடங்கும். அசல் அப்படி இல்லை என்று அந்தப் பெடியன்களுக்கு யார் சொல்ல? விளையாட்டே அப்படித்தான் என்று நினைத்தார்கள்.

மற்றக் கறுப்புகளை எல்லாம் ஊகித்துத் தாண்டிவிடலாம். ஒன்பதாம் அத்தியாயத்துக் கறுப்புத்தான் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. ஒன்பதாம் அத்தியாய முடிவில் உலை வெடிக்கப்போகிறது, கப்பலில் ஆறு பேர். கறுப்பு. பத்தாம் அத்தியாயத்தில் ஐந்து பேர். இலோ இல்லை. அவள் பெயரை யாரும் எடுப்பதுமில்லை. அடுத்தடுத்த பாகங்களிலும் இல்லை.

"அவள் எங்கடா?" என்று முதலில் கேட்டது நிலாம்.

"செத்திட்டாள்," என்றான் எட்வேட். அப்போது இருவருக்கும் பதினாறு வயது.

"ஒனக்கு யாரு சொன்ன? தப்பிட்டாள்."

அன்றைக்குத் தொடங்கியது. கடையில் யார் ஒன்பதாம் அத்தியாயத்தை முடித்தாலும், "கறுப்பு வந்திட்டு!" என்று கத்தவேண்டும். உடனே எல்லாரும் தங்கள் விளையாட்டை நிறுத்தவேண்டும். றேமண்ட் அங்கிள் லைட்டை அணைத்து, சாவிக்கொத்தால் மேசையில் ஓங்கித் தட்டுவார். முதலில் எட்வேட் எழும்பி நின்று இலோவின் சாவைச் சொல்வான். பிறகு நிலாம் எழும்பி அவள் தப்பிய கதையைச் சொல்வான். புதிதாக முடித்தவன் எது சரி என்று வாக்குப் போடவேண்டும். சாவுக்குப் போட்டவன் அன்றிலிருந்து சுவர்ப்பக்கக் கம்பியூட்டரில் இருப்பான், தப்பியதற்குப் போட்டவன் ஜன்னல்பக்கம். ஜன்னல்பக்கம் காற்று வரும் என்பதற்காகவே நிலாமுக்கு வாக்குப் போட்டவர்களும் உண்டு என்பது எட்வேட்டின் நெடுநாள் குற்றச்சாட்டு.

எட்வேட்டின் கதையில் ஒரு கதவு இருந்தது. உலை அறையின் இரும்புக் கதவு. உள்ளே நின்று ஒருவர் பிடித்தால்தான் அது மூடும். இலோ பிடிக்கிறாள். கப்பலின் அடியிலுள்ள சரக்கறையை மூடும்போது வரும் சத்தத்தை அப்பா வீட்டில் வாயால் செய்து காட்டியிருந்தார். எட்வேட் அந்தச் சத்தத்தை இருட்டில் செய்வான். பெடியன்களுக்கு மயிர் கூச்செறியும். நிலாமின் கதையில் ஒரு குழாய். உலையைக் குளிராக்கும் குழாய்க்குள் இலோ ஊர்ந்து போகிறாள், போகும்போது தான் இங்கே இருக்கிறேன் என்று ரெஞ்சால் தட்டிக்கொண்டே போகிறாள். கப்பலிலிருப்பவர்கள் அதை இயந்திரச் சத்தம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

"தட்டுற சத்தம் கேட்டும் ஒருத்தனும் போய்ப் பார்க்கேல்லயா? அவ்வளவு மடையன்களா?" என்று எட்வேட் ஒவ்வொரு முறையும் குறுக்கே விழுவான்.

"மனிசன் அப்பிடித்தான்டா," என்பான் நிலாம்.

நாலாம் பாகம் வந்த வருடம் பந்தயம் கட்டினார்கள். காசு இல்லை. என்றைக்காவது உண்மை வெளிவந்தால், தோற்றவன் ஆட்களுக்கு முன்னால் எழும்பி நின்று, வென்றவனின் கதையைச் சிரிக்காமல் முழுக்கச் சொல்லவேண்டும். றேமண்ட் அங்கிள் சாவிக்கொத்தால் தட்டிப் பந்தயத்தை உறுதியாக்கினார். பிற்காலத்தில் நெட் வந்தபோதும் எட்வேட் தேடிப் பார்க்கவில்லை; செத்தவளைத் தேடுவானேன் என்பான்.

பிறகு கடை மூடியது, வேலைகள் கிடைத்தன. எட்வேட்டின் அப்பா காலமானார். கடை மூடினாலும் பழக்கம் போகவில்லை. புதுப் பாகம் ஒன்று வந்தால் இருவரும் யாராவது ஒருவர் வீட்டில் சேர்ந்து விடிய விடிய விளையாடுவார்கள். எட்வேட்டின் கல்யாணத்தில் நிலாம்தான் மாப்பிள்ளைத் தோழனுக்கு அடுத்த ஆளாக நின்று, டை கட்டத் தெரியாமல் எல்லாரையும் சிரிக்கவைத்தான்.

அப்படி இருந்தது 2019 ஈஸ்டர் ஞாயிறு வரை.

அன்று காலை பூசை நேரத்தில் தேவாலயங்களில் குண்டு வெடித்து, எட்வேட்டின் ஒழுங்கையில் மூன்று வீடுகளில் சாவு. வீடு நிறையச் சொந்தக்காரர்கள், குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்ற பேச்சு. மேசையில் கிடந்த எட்வேட்டின் போன் அடித்தது. திரையில் "நிலாம்" என்று ஒரு முஸ்லிம் பெயர். பக்கத்திலிருந்த மாமியின் கண் அந்தப் பெயரில் விழுந்ததை எட்வேட் கண்டான். அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். அன்று மூன்று முறை அடித்தது. மூன்று முறையும் கவிழ்ந்தே கிடந்தது. நிலாமில் அவனுக்கு ஒரு துளி கோபமும் இல்லை. பிறகு எடுக்கலாம் என்றுதான் நினைத்தான். அடுத்த கிழமை எடுக்க வெட்கமாக இருந்தது, அடுத்த மாதம் அதைவிட வெட்கமாக இருந்தது. ஆறு வருடம் ஓடிவிட்டது. ஏழாம் பாகத்தை அவன் தனியாக விளையாடினான். எது நடந்தாலும் திரும்பிப் பார்த்து "மச்சான், கண்டியா?" என்று கேட்க ஆளில்லாத விளையாட்டு.

இப்போது இலோ உயிரோடு வந்திருக்கிறாள். பந்தயத்தில் எட்வேட் தோற்றுவிட்டான். தோற்றது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தோற்றேன் என்று போய்ச் சொன்னால் கேட்பதற்கு அந்த மனிதன் இன்னும் இருக்கிறானா என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

இரவு சாப்பாட்டில் மனைவி டில்ஷானியிடம் சொன்னான். அவள் கறிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"ஆறு வருசமா ஒரு மனிசனோட கதைக்காமல் இருந்திட்டு, இப்ப ஒரு கார்ட்டூன் பொம்பிளைக்காகப் போகப்போறீங்களா?"

"கார்ட்டூன் இல்ல."

"சரி, கார்ட்டூன் இல்ல. போங்கோ. ஆனா போன் எடுத்துச் சொல்லாதீங்கோ, நேரில போங்கோ."

"ஏன்?"

"எடுத்தா அவர் போனைக் கவுத்து வைச்சாலும் வைப்பார். பழக்கினது நீங்கள்தானே."

எட்வேட் சோற்றைப் பிசைந்தான். அவள் சொன்னதில் பிழை இருக்கவில்லை.

நிலாம் எங்கே என்று தெரிய றேமண்ட் அங்கிளைக் கேட்டான். அவர் இப்போது வத்தளையில் மகளோடு இருக்கிறார். காது மந்தம், குரல் மட்டும் பழைய குரல்.

"வெள்ளவத்தையில மகனே! காலி வீதியில கண்ணாடிக் கடை. பொஞ்சாதியும் அவனும்தான் நடத்துறாங்க. ஏன், கறுப்பு வந்திட்டா?"

"வந்திட்டு அங்கிள். நான் தோத்திட்டன்."

மறுபக்கம் சாவிகள் குலுங்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: "போகேக்க என்னைப் போன்ல எடு. சாவி இன்னும் என்னட்டத்தான் இருக்கு."

சனிக்கிழமை பின்னேரம் எட்வேட் மட்டக்குளியிலிருந்து வரும் நூற்றைம்பத்தைந்தாம் இலக்க பஸ்ஸில் ஏறினான். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஒரு பஸ்தான், ஒரு டிக்கட்தான். இவ்வளவு கிட்டவா என்று அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஜன்னலோரம் இருந்துகொண்டு, சொல்லவேண்டிய வசனங்களை மனதில் அடுக்கிப் பார்த்தான். பம்பலப்பிட்டி வரும்போது எல்லாம் சரிந்துவிட்டது.

கண்ணாடிக் கடை ஒரு புடைவைக் கடைக்கும் ஒரு இனிப்புக் கடைக்கும் நடுவே ஒடுங்கலாக இருந்தது. மூன்று பேர் காத்திருந்தார்கள். கவுண்டரில் முக்காடு போட்ட ஒரு பெண், நிலாமின் மனைவி நிம்றா. நிலாமின் கல்யாணத்துக்கு எட்வேட் போனபோது அவள் மணப்பெண்ணாகத் தலை குனிந்திருந்தாள், முகம் நினைவில் இருக்க வழியில்லை.

"கண் டெஸ்ட் பண்ணவா? என்ன பேர்?"

"எட்வேட்."

எழுதப்போன பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

"கதவப் பிடிச்சிக்கிட்டு அவள சாகடிச்ச எட்வேட்டா?"

"ஓம்," என்றான் எட்வேட். வேறென்ன சொல்ல?

"இருங்க," என்றாள். சிரிப்பை அடக்குகிறாளா கோபத்தை அடக்குகிறாளா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளறைத் திரைச்சீலை விலகியது. நிலாம். தாடியில் இரண்டு நரை, கொஞ்சம் வயிறு, மற்றும்படி அதே ஆள். எட்வேட்டைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"அடுத்த ஆள் வரலாம்."

உள்ளறை ஒரு கட்டில் போடும் அளவு. நடுவில் ஒரு நாற்காலி, எதிர்ச்சுவரில் எழுத்து அட்டை. எட்வேட் இருந்தான். நிலாம் அவன் மூக்கில் ஒரு பாரமான இரும்புச் சட்டத்தை வைத்து, லைட்டை அணைத்தான். அட்டை மட்டும் வெளிச்சமாக நின்றது.

"கண்ணில என்ன பிரச்சின?"

"பொழுதுபட்டா சீல் நம்பர் தெரியுதில்ல." அது பொய்யல்ல.

"மூணாவது வரிய வாசிங்க."

'வாசிங்க.' அந்த மரியாதை எட்வேட்டின் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வாசித்தான். நிலாம் ஒரு வில்லையைப் போட்டான், கழற்றினான், வேறொன்றைப் போட்டான்.

"இது நல்லமா, முந்தினது நல்லமா?"

"முந்தினது."

"இது?"

"இதும் முந்தினதும் ஒண்டுதான்."

"ட்ரெய்லர் பாத்தீங்களா?"

எட்வேட் அட்டையிலிருந்து பார்வையைத் திருப்பினான். "பார்த்தனான். நீ சொன்னதுதான் சரி. அவள் சாகேல்ல. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"ஒனக்கு இப்பத்தான் தெரியுமா?"

'உங்களுக்கு' போய் 'ஒனக்கு' வந்துவிட்டது. ஆனால் எட்வேட் அதைக் கவனிக்க முன்னரே மற்றது உறைத்தது. "அப்ப உனக்கு எப்ப தெரியும்?"

"நான் பொரளையில வேல செஞ்ச நேரம். ஆபீஸ்ல நல்ல நெட் ஈந்திச்சி. வெட்டாத படம் முழுக்கப் பாத்தன். கதவும் இல்ல, குழாயும் இல்ல மச்சான். கப்டனோட சண்ட புடிச்சிக்கிட்டு, சின்னக் கப்பல எடுத்துக்கிட்டு அவளாப் போறாள். அவள்ட பேர யாரும் எடுக்கப்படாதுன்டு மராக் ஓடர் போடுறான். அவ்வளவுதான். நாங்க ரெண்டு பேரும் பிழை."

"பத்துப் பதினைஞ்சு வருசமா தெரிஞ்சுகொண்டு சொல்லாமலா இருந்தாய்? பந்தயத்தில வெண்டிட்டு?"

நிலாம் வில்லை ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். இருட்டில் துணியின் சத்தம் மட்டும் கேட்டது.

"அது ஒன்ட அப்பா மௌத்தான வருஷம். நீ எங்கட வீட்டுக்கு வந்து, விளையாடவும் மாட்ட, சும்மா அந்தக் கதவ மூடுற கதையச் சொல்லிக்கிட்டு ஈப்ப. அவர் செய்ற அந்தச் சத்தம். எங்கட உம்மாவும் குசினியில நின்டு கேட்டுக்கிட்டு ஈப்பா. அதுக்குள்ள நான் வந்து, கதவே இல்லடா, உள்ள ஆளும் இல்லடான்டு சொல்லேலுமா?"

எட்வேட்டுக்கு இரும்புச் சட்டம் மூக்கில் வழுக்கியது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். எழுத்து அட்டை கலங்கித் தெரிந்தது. அதற்குக் கண்ணாடி போட்டுப் பயனில்லை.

"நிலாம், அண்டைக்கு நீ எடுக்கேக்க நான் போனைக் கவுத்து வைச்சனான்."

"தெரியும்."

"உன்னில கோபத்தில இல்ல."

"அதுவும் தெரியும். நீ உயிரோட ஈக்கிறியான்டு அறியத்தான் எடுத்தன். பிறகு றேமண்ட் அங்கிள்ட்ட கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டன்." வில்லையைப் பெட்டியில் வைத்து மூடினான். "அந்த மாசம் நானும் கன பேர்ட போனக் கவுத்து வச்சன்டா. என்ன சொல்றதுன்டு தெரியாம. அதுக்குப் பிறகு நீ எடுப்பன்டு பாத்தன், நீ நான் எடுப்பன்டு பாத்திருப்ப. நல்ல ரெண்டு மடையன்கள்."

"மனிசன் அப்பிடித்தான்," என்றான் எட்வேட்.

நிலாம் சட்டென்று சிரித்துவிட்டான். பதினாறு வயதுச் சிரிப்பு, மூக்கால் வருவது. லைட்டைப் போட்டான்.

"எழும்பு. பந்தயம் பந்தயம்தான்."

"இங்கயா? ஆக்கள் இருக்கினம்."

"ஆக்களுக்கு முன்னாலதானே சொல்லோணும்? நிம்றா! லைட்ட அணை!"

கடையின் லைட் அணைந்தது. காலி வீதி வெளிச்சம் கண்ணாடி அலமாரிகளில் பட்டு, வரிசையாக நின்ற சட்டங்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவை போல் மின்னின. காத்திருந்த மூவரில் டோரின் அன்ரி என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு வயதான பெண், "கரண்ட் போச்சா?" என்றாள். பக்கத்தில் புத்தகப்பையோடு ஒரு இளைஞன். மற்றவர் ஒரு தடித்த மனிதர், நித்திரையிலிருந்து எழும்பினார்.

"ஒரு சின்ன நிகழ்ச்சி அன்ரி," என்றாள் நிம்றா. "கண்ணாடி ரெடியாகுற மட்டும் கேளுங்க."

எட்வேட் வத்தளைக்கு எடுத்து போனை ஸ்பீக்கரில் போட்டுக் கவுண்டரில் வைத்தான், முகம் மேலே இருக்கும்படி. நிலாம் குனிந்து, "அங்கிள், நான் நிலாம்," என்றான்.

"அடேய்!" என்றது போன். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரி சரி, பந்தயத்தை நடத்துங்கடா." டங் என்று சாவிக்கொத்து மேசையில் விழுந்தது. கடை முழுக்கக் கேட்டது.

எட்வேட் எழும்பி நின்றான். தான் நையாண்டி பண்ணியே வளர்ந்த கதையைத் தானே சொல்வது செருப்பை இடம்மாறிப் போட்டு நடப்பது போல இருந்தது. முதல் இரண்டு வசனம் நொண்டியது. "கொஞ்சம் சத்தமாத் தம்பி," என்றாள் டோரின் அன்ரி. அவன் சத்தமாகத் தொடங்கினான்.

உலை சிவந்துவிட்டது, கப்பல் ஆடுகிறது, இலோவுக்கு வெளியே வர வழியில்லை. குளிர்க்குழாயின் மூடியைக் கழற்றுகிறாள். ஒரு ஆள் படுத்துப் போகும் அகலம்தான். உள்ளே பனி. கை தோலோடு இரும்பில் ஒட்டிக்கொள்கிறது, இழுத்தால் தோல் அங்கேயே நிற்கிறது. எட்வேட்டுக்குத் தெரியாமலே அவன் கைகள் கதைக்குள் போய்விட்டன. மார்கழி விடியலில் கொள்கலன் கதவைத் தொட்டுப் பழகிய கைகள் அவை. இரும்பின் குளிரை அவன் சொல்லச் சொல்ல, தடித்த மனிதர் தன் கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டார்.

"போற வழியில அவள் ரெஞ்சால குழாயில தட்டுறாள். டக். கொஞ்ச தூரம் போறாள். டக். மேல கப்பல்ல அஞ்சு பேருக்கும் கேக்குது. கேக்குது, ஆனா…"

அந்த இடத்தில் எட்வேட்டின் குரல் தடுக்கியது. நிலாம் கவுண்டரைப் பார்த்தபடி நின்றான். நிம்றா நிலாமைப் பார்த்தாள்.

"…ஆனா மிஷின் சத்தம் எண்டு நினைச்சிட்டினம். அவள் விடேல்ல. கை விறைக்க விறைக்கத் தட்டிக்கொண்டே போனாள்."

முழுக்கச் சொன்னான். குழாயின் மறுமுனை திறந்ததையும், எதிரியின் சரக்குக் கப்பலில் அவள் ஒளிந்ததையும், ஒரு வசனம் விடாமல். ஒவ்வொரு முறையும் குறுக்கே விழுந்து குழப்பிய கதை தனக்கு இவ்வளவு பாடமாயிருக்கும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

லைட் வந்தது.

"வாக்கு! வாக்கு!" என்று போன் கத்தியது.

"தப்பிட்டாள்," என்றாள் நிம்றா. "எனக்கு நிச்சயம் பேசின நாள்லயே இந்தக் கதைய சொன்ன மனிசன். வேற என்ன சொல்ல?"

"தப்பினதுதான்," என்றார் தடித்த மனிதர், இன்னும் கையை மடிக்குள் வைத்துக்கொண்டு.

டோரின் அன்ரி தலையை ஆட்டினாள். "அந்தக் குளிரில ஆள் தப்புமா? செத்திட்டாள் பாவம். ஆனா நல்லாச் சொன்னீர் தம்பி."

"நெட்டில பார்த்தா உடன தெரியுமே?" என்றான் புத்தகப்பை இளைஞன், போனை எடுத்தபடி.

"யாரடா அது?" றேமண்ட் அங்கிளின் குரலில் கண்ணாடிகள் அதிர்ந்தன. "நிலாம்! அவனை ஜன்னல் பக்கம் இருக்க விடாதே!"

கடையே சிரித்தது. ஏன் என்று தெரியாமல் டோரின் அன்ரியும் சிரித்தாள். இளைஞன் போனைப் பையில் போட்டுவிட்டு, கதையில் அந்த ரெஞ்ச் கடைசியில் எங்கே போனது என்று கேட்டான்.

எட்வேட் வெளிக்கிடும்போது நிலாம் வாசல்வரை வந்தான். கண்ணாடி அடுத்த சனி ரெடியாகும், வந்து எடு என்றான். எட்டாம் பாகம் வரும் நாளில் வத்தளைக்குப் போய் றேமண்ட் அங்கிளின் மகள் வீட்டு டீவியில் போடுவது என்று போனிலேயே முடிவாகியிருந்தது. லைட்டை அணைப்பது தன் பொறுப்பு என்று அவர் சொல்லிவிட்டார். தழுவிக்கொள்ளவும் இல்லை, பெரிதாக ஒன்றும் கதைக்கவும் இல்லை. இனிப்புக் கடைக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். நிலாம் எட்வேட்டின் தோளில் ஒரு குத்து மட்டும் விட்டான், கொஞ்சம் கூடுதல் பலத்தோடு.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தோள் நொந்தது. பம்பலப்பிட்டி தாண்டவில்லை, மடியில் கிடந்த போன் அடித்தது. திரையில் "நிலாம்". பக்கத்து ஸீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். எட்வேட் முதல் மணியிலேயே எடுத்தான்.

"மச்சான், ஒரு விஷயம். ரெஞ்ச நீ இடது கைல குடுத்திட்ட. என்ட கதையில வலது கை."

"எப்ப வலது கை? நீ எப்பவும் இடது எண்டுதானே சொன்னனீ! வலது கை குழாய் மூடியில ஒட்டிக்கொண்டதெல்லோ?"

"அது நாலாம் பாகத்துக்குப் பிறகு நீ மாத்தின. நான் சொன்னது…"

"மாத்தினது நானா? றேமண்ட் அங்கிளைக் கேள்!"

"கேப்போம். இரு, அவரையும் லைன்ல போடுறன். கட் பண்ணாத."

"நான் ஏன் கட் பண்ணப்போறன்?" என்றான் எட்வேட். பஸ் கொட்டாஞ்சேனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இலோவின் எந்தக் கை என்பது இன்னும் முடிவாகவில்லை.